காஜா பெராங்கில் சேறு வழித்த நாட்கள்

அந்தப் படத்தில் வெள்ளையாகக் குவிந்து கிடந்தது உப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். டிராக்டரோடு வந்த சிறு புத்தகத்தின் நடுப்பக்கத்தில் அந்தப் படம் இருந்தது. கனத்த கோட்டும் காதை மூடிய தொப்பியும் போட்ட ஒரு வெள்ளைக்காரர், எங்களுடையதைப் போன்ற சாம்பல் நிறச் சின்ன டிராக்டரில் உட்கார்ந்து, ஒரு வீட்டின் வாசலிலிருந்து ரோடு வரைக்கும் அந்த வெள்ளையை வழித்துக்கொண்டிருந்தார். டிராக்டரின் பின்பக்கம் ஆள் நீளத்துக்கு ஓர் இரும்புத் தகடு குறுக்காக மாட்டியிருந்தது. அதே போன்ற தகடு எங்கள் கொட்டகைச் சுவரிலும் பல மாதங்களாகச் சும்மா சாய்ந்து கிடந்தது.

"உப்பில்லை, அது பனி," என்றார் எங்கள் ஓவர்சியர். யாழ்ப்பாணத்துக்காரர். ஜப்பான் சண்டைக்கு முன்பே மலாயாவுக்கு வந்தவர். "அவையளின்ர ஊரில ராவோட ராவா இடுப்பளவுக்கு விழும். காலமை எழும்பி இப்பிடி வழிச்சாத்தான் கார் வெளியில வரும். அங்கை பனி, இங்கை சேறு. வேலை ஒண்டுதான். உம்மாலை ஏலுமோ?"

"முடியும் சார்," என்றேன். அந்த நாளில் யார் எதைக் கேட்டாலும் முடியும் என்றுதான் சொல்லுவேன். நான் இன்னும் நிரந்தரமாகாத ஆள்.

மலாயா சுதந்திரம் பெற்ற ஆண்டு அது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் நான் வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தைத் துரைமார் துண்டு துண்டாக விற்றுவிட்டுக் கப்பலேறினார்கள். தோட்டத்தில் நான் ரப்பர் பால் ஏற்றிய தொட்டிவண்டியை டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டிருந்தவன். புது முதலாளிகளுக்கு அந்த டிராக்டரும் வேண்டியிருக்கவில்லை, நானும் வேண்டியிருக்கவில்லை. மனைவியைக் கூட்டிக்கொண்டு மலாக்கா டவுனுக்கு வந்து, சாலை வேலை செய்யும் இலாகாவில் தற்காலிக டிரைவராகச் சேர்ந்தேன். ஆறு மாதம் ஓட்டிக் காட்ட வேண்டும். தப்புத் தண்டா இல்லையென்றால் நிரந்தரம். நாலு மாதம் ஓடியிருந்தபோது அந்த மழை வந்தது.

மூன்று நாள் விடாமல் கொட்டியது. ஆற்றில் வெள்ளம், அதே சமயம் கடலிலும் பெரிய ஏற்றம். தண்ணீர் போக வழியில்லாமல் பின்னால் திரும்பி, டவுனின் காஜா பெராங் பகுதிக்குள் நுழைந்துவிட்டது. நாலாம் நாள் வடிந்தபோது சேற்றை மட்டும் விட்டுவிட்டுப் போனது. ரோடு, சாக்கடை, வீட்டு வாசல், கோழிக்கூடு எல்லாம் ஒரே மட்டமாக, ஒரே நிறமாக இருந்தன. கணுக்காலில் தொடங்கி சில இடங்களில் முழங்கால் வரைக்கும் இறங்கியது. அதில் தேங்காய் மட்டை, ஒற்றைச் செருப்புகள், யார் வீட்டுக் கதவோ ஒன்று, எல்லாம் புதைந்து கிடந்தன. வெயில் பட்டதும் நாற்றம் எழும்பியது.

முதல் நாள் பெரிய ரோட்டை மட்டும் வழித்தோம். பன்னிரண்டு பேர் சங்குல் மண்வெட்டியோடு முன்னே போய்ச் சேற்றைக் கிளறிவிட, நான் பின்னால் தகட்டை இறக்கி இழுத்துக்கொண்டு போனேன். சாயங்காலம் தார் ரோடு கறுப்பாகத் தெரிந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. மறுநாள் காலையில் வந்து பார்த்தால் ரோடு முழுக்க மறுபடியும் சேறு. இரு பக்கத்து வீட்டுக்காரர்களும் தங்கள் வாசலில் இருந்ததை வாரி, நாங்கள் துப்புரவாக்கிய ரோட்டில் கொட்டியிருந்தார்கள். அவர்கள்தான் வேறு எங்கே கொட்டுவார்கள்?

ஓவர்சியர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தார். "ரோட்டு மட்டும்தான் எங்கட வேலை எண்டு கடதாசியில கிடக்குது," என்றார். "ஆனா இப்பிடியே போனா தைப்பொங்கல் வரைக்கும் இதையேதான் வழிச்சுக்கொண்டு நிப்பம். வாசலுகளையும் நாங்களே இழுத்துவிடுவம். வாரும்."

படத்தில் பார்த்தபடியே செய்தேன். டிராக்டரைப் பின்பக்கமாக ஓட்டிக்கொண்டு வாசல் பாதைக்குள் நுழைய வேண்டும். தகட்டைத் தூக்கியே வைத்திருந்து, வீட்டுச் சுவர் வரைக்கும் போய், அங்கே இறக்கி, முன்பக்கமாக ரோட்டுக்கு இழுத்து வர வேண்டும். இழுத்து வந்த குவியலை ஆட்கள் லோரியில் ஏற்றுவார்கள். கழுத்தைத் திருப்பிப் பின்னாலேயே பார்த்துக்கொண்டு ஓட்டுவதுதான் சிரமம். சாயங்காலம் கழுத்து ஒரு பக்கமாகவே நின்றுவிடும்.

ரோட்டோரத்துத் தவுக்கேமாரின், அதாவது சீன முதலாளிகளின், வீடுகளை முதலில் முடித்தோம். நீண்ட கார்ப்பாதைகள், இரும்புக் கேட்டுகள். இரண்டாவது வீட்டிலேயே பூப்பாத்திக்கு ஓரமாகப் பதித்திருந்த செங்கல் வரிசை முழுவதையும் தகட்டோடு இழுத்து வந்துவிட்டேன். பல் வரிசை மாதிரி அவை சேற்றில் உருண்டு வந்ததைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தினேன். அந்த வீட்டுச் சீன அம்மாள் வெளியே வந்து பார்த்தார், செங்கலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்துவிட்டார். அந்தப் பாத்தியைத் தமக்கு எப்போதுமே பிடிக்காது என்றும், அது தம் மாமியார் வைத்தது என்றும் மலாயில் சொன்னார். அதற்குப் பிறகு எனக்குக் கொஞ்சம் துணிச்சல் வந்துவிட்டது. அவ்வளவு துணிச்சல் வந்திருக்கக் கூடாது.

மூன்றாம் நாள் கம்போங் செட்டிக்குள் போனோம். டவுனுக்குள்ளேயே இருக்கும் சின்னக் குடியிருப்பு அது. குறுகலான சந்து, இரு பக்கமும் பழைய பலகை வீடுகள், அங்கங்கே சின்னக் கோயில்கள். எங்கள் சங்குல் ஆட்களில் மூத்தவர் ஒருவர், மலாக்கா டவுனிலேயே பிறந்தவர், சந்து முனையில் என்னிடம் சொன்னார்.

"நம்ம ஆளுங்கதான் தம்பி. சாமி கும்புடுறதெல்லாம் நம்மள மாதிரிதான். ஆனா தமிழ் வராது. ஆதிகாலத்துல வந்தவங்க. மலாய்தான் பேசுவாங்க. அதுவும் ஒரு மாதிரி மலாய்."

எனக்கு அது விளங்கவில்லை. தோட்டத்தை விட்டு வெளியே அதிகம் பார்க்காதவன் நான். வீட்டு வாசல்களில் மாவிலைத் தோரணம் வாடித் தொங்கியது. உள்ளே சாமி படம் தெரிந்தது. ஆனால் வெளியே வந்து நின்ற பெண்கள் சாரோங்கும் கெபாயாச் சட்டையும் உடுத்தி, கொண்டை போட்டு, தங்களுக்குள் மலாயில் பேசிக்கொண்டார்கள். நெற்றியில் திருநீறு. யாரிடம் எந்த மொழியில் வணக்கம் சொல்வது என்று தெரியாமல் தலையை மட்டும் ஆட்டிவைத்தேன்.

சந்தில் ஐந்தாவது வீடு. வீட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு பாதை பின்புறச் சமையலறை வரைக்கும் போனது. இரண்டு லோரி நீளம் இருக்கும். வாசல் பக்கம் யாரும் இல்லை. ஓவர்சியர் சந்து முனையில் லோரிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். எங்கள் ஆட்கள் முந்தின வீட்டுக் குவியலை இன்னும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்காகக் காத்திருக்காமல் நான் டிராக்டரைத் திருப்பி, பின்பக்கமாக அந்தப் பாதைக்குள் விட்டேன்.

பாதி தூரம் போயிருப்பேன். சமையலறைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா ஓடி வந்தார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவராக இருக்கலாம். சாரோங்கை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையை ஆட்டிக்கொண்டு, "பிகி! பிகி!" என்று கத்தினார்.

எனக்குத் தெரிந்த மலாயில், அந்த ஊர்ப் பேச்சில், 'பிகி' என்றால் 'போ'.

டிராக்டர் இரைச்சலில் அவர் சொன்னது எனக்கு அப்படித்தான் கேட்டது. போ, போ. நாயை விரட்டுகிற மாதிரி. எனக்குச் சுருக்கென்றது. மூன்று நாளாகச் சேற்றில் நின்று ஊர் வாசலையெல்லாம் வழித்துக் கொடுத்தவனை, நம்ம ஆளுங்க என்று மூத்தவர் சொன்ன இவர்களே விரட்டுகிறார்களே என்று நினைத்தேன். தோட்டத்தில் ஒரு தடவை, கணக்கு எழுதும் கிராணி வீட்டு வாசலில் டிராக்டரை நிறுத்தியதற்காக அவர் மனைவி இதே மாதிரி கையை ஆட்டி விரட்டியது ஞாபகம் வந்தது. அன்றைக்குப் பேசாமல் போய்விட்டேன். இன்றைக்கு நான் அரசாங்க வண்டியில் உட்கார்ந்திருக்கிறேன். வேலையை முடித்துவிட்டுத்தான் போவேன் என்று வீம்பு பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, இன்னும் பின்னால் விட்டேன். சுவர் கிட்டத்தில் வந்தது. தகட்டை இறக்கும் நெம்புகோலில் கையை வைத்தேன்.

அப்போது முதுகில், தோள்பட்டைக்குக் கீழே, சுளீரென்று ஓர் அடி விழுந்தது. அந்த அம்மா தம் காலில் கிடந்த கட்டைச் செருப்பைக் கழற்றி எறிந்திருந்தார்.

கிளட்சையும் பிரேக்கையும் ஒன்றாக மிதித்தேன். நெம்புகோலிலிருந்து கையை எடுத்து, கியரை விடுவித்துவிட்டுக் கீழே குதித்தேன். எனக்கு மலாய் மறந்துபோனது. "ஏம்மா, உதவி பண்ண வந்தவன செருப்பாலயா அடிப்பீங்க?" என்று தமிழிலேயே கத்தினேன்.

அவர் நேரே வேலிக்குப் போனார். வேலியோரமாகக் கட்டியிருந்த துணி காயப்போடும் மூங்கில் கழியை உருவினார். இரண்டு ஆள் உயரம் இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு வந்து, டிராக்டரின் பின் சக்கரத்துக்குச் சரியாக ஒரு முழம் தள்ளி, தகட்டுக்கு நேர் கீழே, சேற்றில் குத்தினார்.

மூங்கில் இறங்கியது. முழங்கால் அளவு சேற்றில் முட்டி நிற்கும் என்று பார்த்தேன். நிற்கவில்லை. எங்கோ பலகை இடுக்கில் உரசிக்கொண்டு, இறங்கிக்கொண்டே போனது. அவர் குனிந்து, குனிந்து, கடைசியில் அவர் கை சேற்றைத் தொட்டது. கழி முழுவதும் உள்ளே போய்விட்டது. கையை விட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அந்தக் கழி, கீழே இருந்து யாரோ திருப்பிக் கொடுப்பது மாதிரி, ஒரு சாண் மேலே எழும்பி வந்து நின்றது.

அவர் என் முகத்தைப் பார்த்து, இந்தத் தடவை மெதுவாக, எழுத்தெழுத்தாகச் சொன்னார். "பெ-ரி-கி."

பெரிகி என்றால் கிணறு.

நான் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார வேண்டும் என்று நினைத்து உட்காரவில்லை. தகட்டை இறக்கியிருந்தால் அத்தனை கனமும் அந்தப் பழைய பலகைகள் மேல் விழுந்திருக்கும். பலகை உடைந்தால் தகடு, தகட்டோடு டிராக்டர், டிராக்டரோடு நான்.

எங்கள் ஆட்களும் ஓவர்சியரும் ஓடி வந்தார்கள். டிராக்டர் இன்னும் நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிருந்தது. அந்த அதிர்வில் வலது பின் சக்கரம் நாலு விரல் அளவு இறங்கியதை எல்லாரும் பார்த்தோம். சேற்றுக்கு அடியில் மரம் முனகியது.

"ஒருத்தரும் கிட்டப் போகாதேங்கோ!" என்று ஓவர்சியர் கைகளை விரித்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீர் ஏன் நிலத்தில இருக்கிறீர்? காயமோ?" என்றார்.

"இல்ல சார். கெணறு."

"என்ன கிணறு?"

மூங்கில் கழியைக் காட்டினேன். அவர் அதைத் தொட்டு அழுத்திப் பார்த்தார். அது இறங்கி மறுபடியும் எழும்பியது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அந்த அம்மா விவரத்தைச் சொன்னார். மலாயில் நடந்த பேச்சைத் தமிழில் சொல்கிறேன். வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் வந்த பிறகு அந்தக் கிணற்றின் சுற்றுச்சுவரை இடித்துவிட்டு, வாய்க்கு மேல் பலகை போட்டு மண்ணைப் பரப்பியிருந்தார்கள். வீட்டில் உள்ளவர்கள் அந்த இடத்தை மிதிக்க மாட்டார்கள், எல்லாருக்கும் தெரியும். இப்போது சேறு மூடியதில் எல்லாம் ஒரே மட்டம். அவர் கணவர் சிங்கப்பூரில் கிராணி வேலை பார்த்தார். இருந்திருந்தால் முதலிலேயே அடையாளம் நட்டிருப்பார். வெள்ளத்தால் அவரால் வர முடியவில்லை.

இனி டிராக்டரை எடுப்பது எப்படி? இன்ஜினை நிறுத்தினால் அதிர்வு அடங்கும். ஆனால் நனைந்துபோன அந்த வண்டி மறுபடியும் கிளம்புமா என்பது சந்தேகம். ஓடவிட்டால் சக்கரம் இறங்கிக்கொண்டே போகும். லோரி அந்தச் சந்துக்குள் நுழையாது. கடைசியில் லோரியில் கிடந்த மணிலாக் கயிறுகள் இரண்டை முடிந்து, டிராக்டரின் முன் அச்சில் கட்டினோம். எங்கள் ஆட்கள் பன்னிரண்டு பேரோடு கம்போங் ஆண்கள் ஏழெட்டுப் பேர் வந்து கயிற்றைப் பிடித்தார்கள். பெண்கள் தென்னை மட்டையும் பழைய கோணிச் சாக்கும் கொண்டு வந்தார்கள். அந்த அம்மாவே சக்கரத்துக்கு முன்னால் குனிந்து அவற்றைச் செருகினார். அவருக்குத்தான் கிணற்றின் விளிம்பு எங்கே முடிகிறது என்று தெரியும். காலால் தடவிப் பார்த்து, "இங்கே வரைக்கும் கல். இதற்கு அப்பால் ஒன்றுமில்லை," என்று காட்டினார்.

எல்லாம் தயார். ஆனால் ஒருவர் மேலே ஏறிக் கியரைப் போட வேண்டும்.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க எல்லாரும் சிரமப்பட்டார்கள். ஓவர்சியர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் ஏறுறன்," என்றார்.

"ஒங்களுக்கு ஓட்டத் தெரியுமா சார்?"

"தெரியாது."

"அப்ப எறங்கி நில்லுங்க சார்," என்றேன். அவர் இன்னும் ஏறவே இல்லை என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

முன்பக்கமாக, அச்சைப் பிடித்து, இன்ஜின் மூடியின் மேல் தவழ்ந்து போய் ஆசனத்தில் உட்கார்ந்தேன். பூனை மாதிரி ஏறினேன் என்று பிறகு சொன்னார்கள். கிளட்சை மிதித்தேன். கால் தடதடவென்று ஆடியது. ஆடுகிற காலால் கிளட்சை விட்டால் வண்டி ஒரு குதி குதிக்கும். அந்த ஒரு குதி போதும். அதனால் கியரைப் போட்டுவிட்டு, கால் ஆடி அடங்கட்டும் என்று அப்படியே உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் மனைவி காலையில் கட்டிக் கொடுத்த சோற்றுப் பொட்டலம் லோரியில் இருப்பது மட்டும் எனக்கு ஞாபகம் வந்தது. வேறு பெரிய நினைப்பு எதுவும் வரவில்லை.

கால் நின்றது. மெல்ல விட்டேன். "இழுங்க!" என்று மூத்தவர் கத்தினார். "தாரேக்!" என்று கம்போங் ஆட்கள் கத்தினார்கள். இரண்டும் ஒன்றுதான்.

சக்கரம் சுழன்றது, ஏறவில்லை. சேறு பின்னால் வாரி அடித்தது. துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம், வலது பக்கம் தடாலென்று இறங்கியது. ஆசனம் சாய்ந்து நான் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பின்னால் ஏதோ தண்ணீரில் விழுவது கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று நாளாகப் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தவன், அந்த நிமிடம் முன்னால் கயிற்றை மட்டுமே பார்த்தேன். கயிறு விறைத்து, அதிலிருந்து தண்ணீர் தெறித்தது. இடது சக்கரம் கோணியைக் கவ்வியது. வண்டி ஒரு சாண் நகர்ந்தது. இன்னொரு சாண். பிறகு வலது சக்கரம் எதையோ, அந்த அம்மா சொன்ன கல்லாக இருக்கும், பிடித்து மேலே ஏறியது.

ஏறியதும் நான் நிற்கவில்லை. கயிறு பிடித்தவர்கள் இரண்டு பக்கமும் சிதறி ஓடினார்கள். பாதையைத் தாண்டி, சந்தைத் தாண்டி, பெரிய ரோடு வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனேன். கயிறு சக்கரத்துக்கு அடியில் இழுபட்டு வந்தது. பின்னால் எல்லாரும், "நிப்பாட்டு! நிப்பாட்டு!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். தார் ரோட்டில் ஏறிய பிறகுதான் பிரேக் என்று ஒன்று இருப்பது ஞாபகம் வந்தது. நிறுத்தி, இன்ஜினை அணைத்தேன். காது அடைத்தது மாதிரி அமைதி. யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. எல்லாரும் சிரித்தோம். ஓவர்சியர் லோரியின் மேல் சாய்ந்துகொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

திரும்பிப் போய்ப் பார்த்தோம். மூன்று பலகைகள் உள்ளே விழுந்திருந்தன. வட்டமாக ஒரு கறுப்புத் தண்ணீர், தரையிலிருந்து ஒரு சாண் கீழே, ஆடாமல் நின்றது. ஓவர்சியர் அதன் ஓரத்தில் நின்று, தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். பிறகு நாலு கழிகளை நட்டு, சிவப்புத் துணி கட்டச் சொன்னார்.

அந்த அம்மா எனக்குக் காப்பி கொண்டு வந்து கொடுத்தார். முதுகு வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். நன்றாகவே வலித்தது.

"நான் கிணறு, கிணறு என்று கத்துகிறேன், நீ இன்னும் வேகமாகப் பின்னால் வருகிறாயே! செவிடு என்று நினைத்தேன்," என்றார்.

"நீங்கள் போ, போ என்று விரட்டுவதாக நினைத்தேன் மக்சிக்," என்று மலாய் வழக்கப்படி அத்தை முறை வைத்துச் சொன்னேன்.

"போ என்றால் போக வேண்டியதுதானே?"

"கோபம். அதனால்தான் போகவில்லை."

அவர் என்னையே பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டு, பெரிகி, பிகி, பிகி, பெரிகி என்று சொல்லிக் காட்டினார். அவர்களும் சிரித்தார்கள். சங்குல் ஆட்களில் மூத்தவருக்கு அது போதுமானதாக இருந்தது. அன்று முழுவதும் என்னை எங்கே கண்டாலும் "பிகி" என்றார்.

அந்த ஒற்றைச் செருப்பு என்ன ஆனது என்று தேடினேன். டிராக்டர் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் சேற்றில் குப்புறக் கிடந்தது. அதை வாளித் தண்ணீரில் கழுவி, அவர் வீட்டுப் படியில் மற்றதோடு சேர்த்து வைத்தேன். அடித்த செருப்பைக் கழுவி வைப்பதா என்று கேட்கிறவர்கள் அந்த மூங்கில் கழியைப் பார்த்திருக்க வேண்டும்.

அன்று மத்தியானம் எனக்கு வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. உயிர் தப்பிய சந்தோஷம் தணிந்ததும்தான் அது வந்தது. ஓவர்சியர் ரிப்போர்ட் எழுத வேண்டும். இறங்கிப் பார்க்காமல், ஆட்களுக்குக் காத்திருக்காமல், வீட்டுக்காரர் கத்தியும் கேட்காமல் அரசாங்க டிராக்டரைக் கிணற்றின் மேல் நிறுத்தினான் என்று எழுதினால், அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. ஆறு மாதம் முடிய இரண்டு மாதம் இருந்தது. சாயங்காலம் கொட்டகையில் சக்கரத்தைக் கழுவிக்கொண்டே அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழுதினார், நிறுத்தினார், மறுபடியும் எழுதினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"வாசிச்சுக் காட்டிறன், கேளும்," என்றார். இங்கிலீஷில் எழுதியதைத் தமிழில் சொன்னார். மூடிக் கிடந்த பழைய கிணறு ஒன்று தெரியவந்தது. வீட்டு அம்மாவின் உதவியால் ஆபத்து தவிர்க்கப்பட்டது. வண்டிக்குச் சேதம் இல்லை. இனிமேல் ஓர் ஆள் முன்னால் போய்க் கழியால் குத்திப் பார்க்காமல் எந்த வாசலுக்குள்ளும் வண்டி போகக் கூடாது என்று ஓவர்சியர் உத்தரவு.

"என்னப் பத்தி ஒண்ணும் எழுதலியா சார்?"

"உம்மைப் பற்றி என்ன எழுதிறது? குத்திப் பார்க்கச் சொல்லி நான் உமக்குச் சொன்னனோ? சொல்லேல்லை. புத்தகத்தில பனியைக் காட்டிப்போட்டு விட்டிட்டன். பனிக்குக் கீழை என்ன கிடக்கெண்டு அந்தப் படத்திலையும் இல்லை." பேனாவை மூடினார். "ஆனா ஒண்டு. பொம்பிளையள் கத்தினா முதலில வண்டியை நிப்பாட்டும். கோபத்தைப் பிறகு படலாம்."

சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பத்து பெரெண்டாம் ரோட்டில் ஒரு பட்டறைக்குப் பின்னால் எங்களுக்கு ஓர் அறை. மனைவி பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். கொஞ்சம் குறைத்துத்தான் சொன்னேன். இருந்தாலும் அவள் கை நின்றுவிட்டது. அவளுக்கு டவுன் பிடிக்கவில்லை. வந்த நாளிலிருந்து, இல்லாத தோட்டத்துக்குத் திரும்பிப் போகலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். அன்றைக்கு அதைச் சொல்லவில்லை. என் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தாள். சிவந்திருந்த இடத்தில் நல்லெண்ணெய் தடவினாள். தடவிக்கொண்டே, "எவ்வளவு ஆழம்?" என்று கேட்டாள்.

"தெரியல."

"கேக்காமலேயா வந்தீங்க?"

அதற்கப்புறம் ஒரு வாரத்தில் காஜா பெராங் முழுவதும் வழித்து முடித்தோம். மூத்தவர் கழியோடு முன்னால் நடப்பார், நான் பின்னால் போவேன். இன்னும் இரண்டு கிணறுகளும் ஒரு மூடாத சாக்கடைத் தொட்டியும் அகப்பட்டன. கழி இறங்காமல் டக்கென்று நிற்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு மூச்சு வந்தது. கடைசி வாசலை இழுத்து முடித்த மத்தியானம், ரோட்டில் ஓடிய முதல் டாக்சி எங்களைப் பார்த்து ஹார்ன் அடித்துவிட்டுப் போனது. இரண்டு மாதம் கழித்து வேலை நிரந்தரமானது.

அந்தப் பொங்கலுக்கு அந்த அம்மா மூத்தவர் மூலமாக ஆள் அனுப்பினார், மனைவியோடு வரச் சொல்லி. போனோம். அவர் கணவர் வந்திருந்தார். என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. கிணற்றை மூடிவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். மூடவில்லை. வெள்ளத்தின்போது குழாய் ஐந்து நாள் வரவில்லையாம். அதனால் கிணற்றைச் சேறு வாரி இறைத்துச் சுத்தம் செய்து, இடுப்பளவுக்குப் புதிதாகச் செங்கல் சுவர் எழுப்பியிருந்தார்கள். சுண்ணாம்பு அடித்திருந்தது.

என் மனைவிக்கு மலாய் சரியாக வராது. அந்த அம்மாவுக்குத் தமிழில் தண்ணி, கோயில், அக்கா, தம்பி என்று சில வார்த்தைகள்தான். அவற்றை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் சமையலறையில் ஒரு மணி நேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. சிரிப்பு கேட்டது. பிறகு மனைவி வெளியே வந்து கிணற்றைப் பார்க்க வேண்டும் என்றாள். சுவரைப் பிடித்து எட்டிப் பார்த்தாள். ஒரு கை என் சட்டை ஓரத்தை இறுக்கிப் பிடித்திருந்தது. அந்த அம்மா வாளியைத் தண்ணீருக்குள் அடி வரைக்கும் இறக்கிக் காட்டினார். கயிறு போய்க்கொண்டே இருந்தது. மனைவி முழம் முழமாக எண்ணிக்கொண்டே வந்து, பாதியில் எண்ணுவதை விட்டுவிட்டாள்.

திரும்பும்போது சைக்கிளின் பின்னால், வாழையிலையில் கட்டிக் கொடுத்த பலகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரோடு காய்ந்து, இரண்டு பக்கமும் வெள்ளத்தின் கோடு மட்டும் சுவர்களில் தெரிந்தது. பெரிய வளைவு தாண்டியதும் என் முதுகில் தட்டி, "இந்தப் பக்கம் வாடகைக்கு ஒரு ரூம் கெடைக்குமா, கேட்டுப் பாருங்களேன்," என்றாள்.

கேட்கிறேன் என்றேன். எதிர்க்காற்று இருந்தது, ஆனாலும் சைக்கிள் இலேசாகத்தான் போனது.